மிக மெல்லிய சிலிக்கான் சவ்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள், செல் வளர்ப்பில் இருக்கும் உயிரியல் நண்பர்கள், வீட்டில் ஒருவர் டயாலிசிஸ் செய்துகொள்வதால் செய்தியைப் படித்துவிட்டு விசாரிப்பவர்கள் என எல்லோரும் இந்தச் சவ்வுகளைப் பற்றிக் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகள்தான். நுண்துளைகள் வழியே சின்ன மூலக்கூறுகளை விட்டு, பெரியவற்றைத் தடுக்கும் வடிகட்டிகள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படை. பின்னால் வருபவை அவற்றை நம்பித்தான் நிற்கின்றன, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

1. சிலிக்கான் சவ்வு என்கிறீர்களே, அது எவ்வளவு மெல்லியது?

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் சவ்வின் தடிமன் சுமார் 15 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சிலிக்கான் படிகத்தின் ஓர் அலகு 0.543 நானோமீட்டர் அகலம். அப்படிப் பார்த்தால் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இருபத்தெட்டு அலகுகள்தான் இருக்கின்றன. அந்தத் தகட்டில் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை விட்டமுள்ள துளைகள் நிறைந்திருக்கும்.

சவ்வு தனியாகப் பறந்துகொண்டிருக்காது. கம்ப்யூட்டர் சிப் செய்யப் பயன்படும் அதே சிலிக்கான் வேஃபரில் (மெல்லிய தகட்டில்), நடுவில் ஒரு ஜன்னல் திறந்து, அந்த ஜன்னலில் இழுத்துக் கட்டியது போல நிற்கும். கையில் எடுப்பது சில மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லு. அதைச் சுற்றியிருக்கும் தடித்த சட்டத்தைத்தான் இடுக்கியால் பிடிக்கிறோம்.

2. இவ்வளவு சின்னத் துளையை எதை வைத்துப் போடுகிறார்கள்?

யாரும் போடுவதில்லை, தானாகத் திறக்கிறது. இந்த முறையை அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஸ்ட்ரீமர், தாமஸ் கபோர்ஸ்கி, ஜேம்ஸ் மெக்ராத், ஃபிலிப் ஃபோஷே ஆகியோர் 2007இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வேஃபரின் மேல் மூன்று அடுக்குகள் படிய வைக்கப்படுகின்றன. கீழே சிலிக்கான் ஆக்சைடு, நடுவில் படிக ஒழுங்கு இல்லாத சிலிக்கான், மேலே மறுபடி ஆக்சைடு. பிறகு மிகக் குறுகிய நேரத்துக்கு 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். நடு அடுக்கு குட்டிக் குட்டிப் படிகங்களாக மாறும்போது இடையிடையே வெற்றிடங்கள் உண்டாகின்றன. அடுக்கு இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் அந்த வெற்றிடங்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை திறந்த துளைகளாகிவிடுகின்றன. எந்த வெப்பநிலை என்பதைப் பொறுத்துத் துளையின் அளவு மாறும்.

அடுத்து வேஃபரின் பின்பக்கத்திலிருந்து சிலிக்கானை அரித்துக்கொண்டே வருவார்கள். ஆக்சைடு அடுக்கை எட்டியதும் அரிப்பு நின்றுவிடும். கடைசியில் ஆக்சைடை நீக்கினால் சவ்வு மட்டும் மிஞ்சும். இந்த அரிப்பு நேர்ச் சுவராக இறங்குவதில்லை, 54.7 டிகிரி சாய்வில்தான் இறங்கும். ஆகவே 300 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள வேஃபரில் 100 மைக்ரோமீட்டர் ஜன்னல் வேண்டுமென்றால் பின்பக்கம் சுமார் 524 மைக்ரோமீட்டர் திறக்க வேண்டும். பின்பக்கம் இப்படி ஒரு சாய்வுக் குழி இருப்பது நினைவிருக்கட்டும், 8ஆம் கேள்வியில் அதுதான் வில்லன்.

துளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் எலக்ட்ரான்கள் ஊடுருவும் நுண்ணோக்கியில் சில்லை அப்படியே வைத்துவிடலாம். மாதிரியைச் சீவி மெலிதாக்கும் வேலையே இல்லை. படத்தில் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாகவும், எலக்ட்ரான் கற்றைக்கு ஏற்ற கோணத்தில் அமைந்துவிட்ட படிகங்கள் கரும் புள்ளிகளாகவும், மற்றதெல்லாம் சாம்பல் நிறமாகவும் தெரியும். முதல் முறை பார்ப்பவர்கள் கருப்பைத்தான் துளை என்று எண்ணத் தொடங்குவார்கள்.

3. ஊதினாலே கிழிந்துவிடாதா?

கிழியாது. 2007 கட்டுரையிலேயே 200 மைக்ரோமீட்டர் சதுரமுள்ள, 15 நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வு ஒரு வளிமண்டல அழுத்த வேறுபாட்டைத் தாங்கியதைக் காட்டியிருந்தார்கள். உப்பியது, அழுத்தத்தை எடுத்ததும் மறுபடி தட்டையானது. அந்த விகிதத்தை மனதில் கொண்டுவர, 0.1 மில்லிமீட்டர் தாள் ஒன்று ஒன்றேகால் மீட்டருக்கும் கூடுதலான அகலத்தில் நான்கு பக்கமும் சட்டத்தில் ஒட்டி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஜன்னல் சிறியது. ஒரே அழுத்தத்தில் ஜன்னல் அகலமாக ஆக சவ்வின் மேல் விழும் இழுவிசை ஏறும். பெரிய பரப்பு வேண்டுமென்றால் ஒரே பெரிய சதுரமாகத் திறக்காமல் குறுகிய நீளமான பட்டைகளாகத் திறப்பது இதனால்தான். இரண்டு, தகடு வழவழப்பானது. விரிசல் தொடங்குவதற்கான கீறல்கள் அதில் குறைவு. நடைமுறையில் சவ்வு உடைவது பெரும்பாலும் அழுத்தத்தால் அல்ல, இடுக்கியின் நுனியோ பைப்பெட்டின் (திரவத்தை அளந்து எடுக்கும் குழலின்) நுனியோ பட்டுவிடுவதால்தான்.

4. பாலிமர் சவ்வுகள் எவ்வளவோ காலமாக வேலை செய்கின்றனவே, மெல்லியதாக இருப்பதில் அப்படி என்ன லாபம்?

டயாலிசிஸ் இழையின் சுவர் சில பத்து மைக்ரோமீட்டர் தடிமன். செல் வளர்ப்பில் பயன்படும் துளையிட்ட பிளாஸ்டிக் சவ்வு சுமார் 10 மைக்ரோமீட்டர். ஒரு மூலக்கூறு அவ்வளவு தூரம் ஒரு குறுகிய பாதையில் ஊர்ந்து போக வேண்டும், வழியில் சுவரில் ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம்.

கணக்காகவே பார்க்கலாம். 30 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு துளையின் வழியே ஒரே அழுத்தத்தில் நீர் ஓடுகிறது. துளையின் நீளம் 10 மைக்ரோமீட்டராக இருந்தால் வரும் ஓட்டத்தைப் போல, நீளம் 15 நானோமீட்டராக இருக்கும்போது சுமார் 300 மடங்கு வரும். மாதிரி கொஞ்சமாக இருக்கும்போது, ஒரு துளிக்குள் இருக்கும் புரதத்தை இழக்காமல் பிரிக்க வேண்டியிருக்கும்போது, இது பெரிய விஷயம். 2007இல் அந்தக் குழு பிரித்துக் காட்டியதும் அளவில் நெருக்கமான இரண்டு புரதங்களைத்தான். ஒன்று 66 கிலோடால்டன் ஆல்புமின், மற்றது 150 கிலோடால்டன் ஆன்டிபாடி (கிலோடால்டன் என்பது மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு).

5. அப்படியானால் இன்னும் மெலிதாக்கிக்கொண்டே போகலாமே? ஒற்றை அணு தடிமனில் கிராஃபீன் என்ற கார்பன் தகடு இருக்கிறதே?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

முந்தைய பதிலில் தடிமன் 667 மடங்கு குறைந்தது, ஓட்டமோ 300 மடங்குதான் கூடியது. மீதி எங்கே போனது? துளைக்குள் நுழைவதற்கே ஒரு தடை இருக்கிறது. சுற்றியுள்ள நீர் எல்லாத் திசையிலிருந்தும் குவிந்து அந்தச் சின்ன வாய்க்குள் புக வேண்டும், மறுபக்கம் மறுபடி விரிய வேண்டும். தடிமனே இல்லாத துளைக்கும் இந்தத் தடை உண்டு என்பதை சாம்ப்சன் 1891இலேயே கணக்கிட்டுவிட்டார். 30 நானோமீட்டர் துளை, 15 நானோமீட்டர் சவ்வு என்றால் மொத்தத் தடையில் பாதிக்குச் சற்று மேல் இந்த வாய்த் தடைதான். இனி சவ்வைப் பாதியாக மெலிதாக்கினாலும் ஓட்டம் 30 சதவீதம்தான் கூடும்.

அழுத்தமே இல்லாமல் மூலக்கூறுகள் தாமாகப் பரவும்போதும் இதே கதைதான். துளையின் நீளத்தோடு, இரண்டு வாய்களுக்காகவும் ஆரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதாவது 15 நானோமீட்டர் சவ்வு கிட்டத்தட்ட 39 நானோமீட்டர் சவ்வு போல நடந்துகொள்ளும். ஆகவே புரத அளவுத் துளைகளுக்கு கிராஃபீன் தரும் கூடுதல் லாபம் கொஞ்சம்தான். உப்பு அயனிகளைப் பிரிக்கும் அளவுக்குத் துளை ஒரு நானோமீட்டருக்கும் கீழே போனால் கணக்கு மாறும், அங்கே கிராஃபீனுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ஓட்டை விழாத பெரிய பரப்பைச் செய்வது கடினம். சவ்வு மெலிந்தபின் தடை மறைந்துவிடுவதில்லை, வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. முதலில் துளையின் வாய்க்கு, அப்புறம் சவ்வை ஒட்டிய திரவத்துக்கு. அது எங்கே போயிருக்கிறது என்று தேடாமல் தடிமனையே குறைத்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு என்பது என் திடமான கருத்து.

6. சராசரித் துளை 30 நானோமீட்டர் என்று எழுதியிருக்கிறது. அதைவிடப் பெரிய எதுவும் போகாது, அப்படித்தானே?

அப்படி இல்லை. 2ஆம் பதிலில் சொன்னதுபோல் துளைகள் தாமாக உண்டாகின்றன, எல்லாம் ஒரே அளவில் இருக்காது. மேலும் மெல்லிய சவ்வில் ஒரு துளையின் ஓட்டம் ஆரத்தின் மூன்றாம் அடுக்கோடு (ஆரம் × ஆரம் × ஆரம்) ஏறும். 60 நானோமீட்டர் துளை ஒன்று 30 நானோமீட்டர் துளைகள் குறைந்தது எட்டுக்குச் சமமான நீரைக் கடத்தும். எண்ணிக்கையில் பெரிய துளைகள் குறைவாக இருந்தாலும் ஓட்டத்தில் பெரும்பங்கு அவற்றுடையது. எனவே சராசரியை விட்டுவிட்டு, எந்த அளவுக்கு மேல் துளையே இல்லை என்பதைப் பாருங்கள். வெவ்வேறு அளவுத் தங்கத் துகள்களை ஓடவிட்டுச் சோதிப்பது நேரடியான வழி.

7. அளவை வைத்து மட்டும்தான் பிரிக்குமா?

மின்னூட்டத்தை வைத்தும் பிரிக்கும். சிலிக்கானின் மேல் இயல்பாகப் படியும் ஆக்சைடு, நடுநிலை நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கும். எதிர்மின்னூட்டமுள்ள மூலக்கூறை அது தள்ளும். ஆனால் கரைசலில் உப்பு கூடக்கூட அந்தத் தள்ளலின் வீச்சு சுருங்கும். உடல் திரவங்களின் உப்பு அளவில் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு, உப்பு மிகக் குறைந்த கரைசலில் பத்து நானோமீட்டர் வரை. நீர்த்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசலில்) அழகாக வந்த பிரிப்பு ரத்தப் பிளாஸ்மாவில் வராமல் போவது இதனால்தான்.

இந்த மின்னூட்டத்தால் இன்னொரு பயனும் உண்டு. சவ்வின் இரு பக்கமும் மின்னழுத்தம் கொடுத்தால் நீரே நகரும். சவ்வு மெல்லியது என்பதால் சின்ன மின்னழுத்தமே பலமான மின்புலமாகிறது. ரோசெஸ்டர் குழு 2013இல் இதை வைத்து அசையும் பாகமே இல்லாத பம்பு ஒன்றைக் காட்டியது.

8. சில்லைப் பொருத்திவிட்டேன், பம்பு ஓடுகிறது, அந்தப் பக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை. சவ்வு பழுதா?

பெரும்பாலும் பழுது சவ்வில் இல்லை, காற்றுக் குமிழியில். பின்பக்கக் குழி சாய்வுச் சுவரும் கூர்மையான மூலைகளும் கொண்டது. திரவத்தை வேகமாக ஊற்றினால் அது குழியின் வாயை மூடிவிட்டு அடியில் காற்றைச் சிறைப்பிடிக்கும். சவ்வின் துளைகள் மறுபக்கத்திலிருந்து ஏற்கெனவே நனைந்திருக்கும். நனைந்த 50 நானோமீட்டர் துளையிலிருந்து நீரைத் தள்ளிவிட்டுக் காற்று நுழைய 50 வளிமண்டலத்துக்கும் மேல் அழுத்தம் வேண்டும். அதற்குள் சவ்வு உடைந்துவிடும். ஆகவே பம்பைக் கூட்டுவது தீர்வே அல்ல.

சில்லை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, குழியின் மேல் கண்ணாடி வழியாகப் பாருங்கள். குமிழி இருந்தால் ஜன்னலைச் சுற்றித் தடித்த கருவளையம் தெரியும். சரிசெய்ய, சில்லைக் கழற்றி, முதலில் எத்தனால் கொண்டு குழியை நனையுங்கள். பைப்பெட் நுனியைக் குழியின் ஒரு மூலையில் வைத்து, சுவரில் வழியவிட்டு, மெதுவாக நிரப்புங்கள். சவ்வின் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம். அப்புறம் காற்று நீக்கிய பஃபரால் எத்தனாலை மாற்றுங்கள். சில்லைப் பயன்படுத்துவதற்குச் சற்று முன் புறஊதா ஓசோனிலோ ஆக்சிஜன் பிளாஸ்மாவிலோ (மின்னூட்டம் ஏறிய வாயு, ரத்தப் பிளாஸ்மா அல்ல) சுத்தம் செய்தால் பரப்பு நீரை விரும்பும், இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

9. முதலில் நன்றாக ஓடியது, கொஞ்ச நேரத்தில் மந்தமாகிவிட்டதே?

புரதம் அடைத்திருக்கிறது. சவ்வு மிகத் தாராளமாக நீரை விடுவதால், நீர் போன வேகத்தில் புரதங்கள் எல்லாம் சவ்வின் முகத்தில் வந்து குவிகின்றன. அந்தப் படலம் சில நூறு நானோமீட்டர் சேர்ந்தாலே போதும், 15 நானோமீட்டர் சவ்வைவிட அதுதான் பெரிய தடை. 5ஆம் பதிலில் சொன்ன தடை இப்போது இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நேராக அழுத்தி வடிகட்டுவதற்குப் பதிலாக, திரவத்தைச் சவ்வின் முகத்தோடு பக்கவாட்டில் ஓடவிட்டு, ஒரு சிறு பங்கை மட்டும் குறுக்கே இழுங்கள். ஓட்டம் சேர்ந்ததைத் துடைத்துக்கொண்டே போகும். புரதம் ஒட்டாத பூச்சும் உதவும். ஆனால் பூச்சுக்கும் தடிமன் உண்டு. 3 நானோமீட்டர் பூச்சு துளையின் விட்டத்தில் 6 நானோமீட்டரைத் தின்றுவிடும், அதைக் கணக்கில் வைத்துத் துளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

10. இதன்மேல் செல் வளர்க்கலாமா? சிலிக்கான் நஞ்சு இல்லையா?

தாராளமாக வளர்க்கலாம். சிலிக்கான் உடலுக்குப் பகையல்ல. லீ கேன்ஹாம் என்ற ஆய்வாளர் 1995இலேயே நுண்துளைச் சிலிக்கான் உடல்திரவம் போன்ற கரைசலில் எப்படி நடந்துகொள்கிறது என்று காட்டி, மருத்துவப் பயன்பாட்டுக்கு வழி திறந்தார். அது கரைந்தால் வருவது ஆர்த்தோசிலிசிக் அமிலம், சிறுநீரோடு வெளியேறிவிடும்.

இந்தச் சவ்வுகள் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒரு பக்கம் உள்சுவர் செல்லும் மறுபக்கம் மூளையின் துணைச் செல்லும் மிக நெருக்கமாக இருக்கின்றன. 10 மைக்ரோமீட்டர் பிளாஸ்டிக்கின் இரு பக்கமும் அவற்றை வளர்த்தால் அந்த நெருக்கம் போய்விடுகிறது, சுரக்கும் மூலக்கூறுகள் எதிர்ப்பக்கம் சேர நேரமாகிறது. பிளாஸ்டிக் சவ்வின் துளைகள் ஒளியைச் சிதறடிப்பதால் நுண்ணோக்கியில் படமும் மங்கும். சிலிக்கான் சவ்விலோ, இரு பக்கச் செல்களும் நானோமீட்டர் இடைவெளியில் இருக்கும், படமும் கண்ணாடியின் மேல் வளர்த்தது போலத் தெளிவாக வரும். வெள்ளையணு ஒன்று உள்சுவர் செல்களுக்கு இடையே நுழைந்து மறுபக்கம் வருவதை நேரலையாகப் பார்க்க வேண்டுமென்றால், சில மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வு வேண்டும். அதையும் இதே குடும்பத்தில் செய்கிறார்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. உயர் உருப்பெருக்க லென்ஸ்கள் பொருளுக்கு மிக நெருக்கத்தில் வந்தால்தான் குவியும். பார்க்க வேண்டிய செல்கள் 300 மைக்ரோமீட்டர் குழிக்குள் இருந்து, குழி லென்ஸ் பக்கம் திரும்பியிருந்தால் எட்டாது. தட்டையான பக்கத்தை லென்ஸை நோக்கி வைத்துச் சாதனத்தை வடிவமையுங்கள்.

11. செல் வளர்த்துக்கொண்டிருந்தேன், சில நாளில் சவ்வையே காணோம்! என்ன ஆயிற்று?

கரைந்துவிட்டது. உடலுக்கு நல்லது என்று மேலே சொன்ன அதே குணம்தான். 15 நானோமீட்டர் சிலிக்கான், செல் வளர்ப்புத் திரவத்தில் நாள் கணக்கில்தான் தாங்கும். பரப்பை வேதிமுறையில் பதப்படுத்தினால் தள்ளிப்போடலாம். சில வேளை இதையே வேண்டுமென்று பயன்படுத்தலாம். இரண்டு செல் அடுக்குகள் உருவானபின் நடுவிலிருக்கும் சவ்வு மறைந்துபோனால் நல்லதுதானே.

நீண்ட நாள் சோதனைக்கு சிலிக்கான் நைட்ரைடு சவ்வைத் தேர்ந்தெடுங்கள். 2014இல் வெளியான முறையில், மேலே உள்ள நுண்துளைச் சிலிக்கானை வார்ப்புருவாக வைத்து, அதன் துளைகளைக் கீழே உள்ள நைட்ரைடு அடுக்கில் வாயுப் பிளாஸ்மாவால் பதிக்கிறார்கள். தடிமன் சுமார் 50 நானோமீட்டராகிவிடும். ஆனால் 5ஆம் பதிலை வைத்துப் பார்த்தால் அந்த இழப்பு பெரிதல்ல, கிடைக்கும் உறுதியும் ஆயுளும் பெரிது. இப்போது தொடங்குபவர்களுக்கு நான் நைட்ரைடைத்தான் சொல்வேன்.

12. ரத்தப் பரிசோதனையில் இதற்கு வேலை உண்டா?

உண்டு. செல்கள் வெளியே அனுப்பும் 30 முதல் 150 நானோமீட்டர் வரையிலான எக்ஸோசோம் போன்ற நுண்பைகளில் அவை வந்த திசுவைப் பற்றிய செய்தி இருக்கிறது. ரத்தப் பிளாஸ்மாவைச் சவ்வின் முகத்தோடு ஓடவிட்டு இலேசாக இழுத்தால் அந்தப் பைகள் துளை வாய்களில் வந்து உட்காரும், புரதங்கள் கடந்துபோகும். கழுவிவிட்டு இழுவையைத் திருப்பினால் பைகள் விடுபடும். தடித்த வடிகட்டியில் அவை உள்ளே எங்கோ சிக்கிக்கொள்ளும். இதில் ஆழமே இல்லை என்பதால் எல்லாம் முகத்திலேயே நிற்கும். அங்கேயே ஒளிரும் சாயம் ஏற்றி எண்ணவும் செய்யலாம்.

டி.என்.ஏ. வரிசை படிப்பது பற்றியும் கேட்கிறார்கள். அங்கே தேவை ஒரே ஒரு துளை. ஹார்வர்டின் கோலவ்சென்கோ குழு 2001இல் அயனிக் கற்றையால் சிலிக்கான் நைட்ரைடில் அப்படியொரு துளையைச் செதுக்கியது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி 0.34 நானோமீட்டர். 15 நானோமீட்டர் துளைக்குள் ஒரே நேரத்தில் நாற்பதுக்கும் மேல் எழுத்துகள் இருக்கும். ஆகவே எழுத்துக் கூட்டிப் படிக்க இது இன்னும் தடித்ததுதான்.

13. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இந்தச் சவ்வு வந்தால் நேரம் குறையுமா?

இன்றைய சிகிச்சைக்கு இது மாற்றாக வரவில்லை. மருத்துவர் சொன்ன நேரத்தைக் குறைக்க இதை நம்ப வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். மருத்துவமனையில் ஒரு டயாலிசிஸ் வடிகட்டியின் பரப்பு ஒன்று முதல் இரண்டரை சதுர மீட்டர் வரை. ஒரு சில்லில் திறந்த சவ்வுப் பரப்பு சில சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் என்றால் பத்து லட்சம் சதுர மில்லிமீட்டர். சவ்வு நூறு மடங்கு திறமையானது என்றாலும் இடைவெளி பெரிது.

இன்னொன்று, யூரியா போன்ற சின்ன மூலக்கூறு 15 நானோமீட்டரைக் கடக்க ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். ஆனால் ரத்தம் ஓடும் இழையின் நடுவிலிருந்து சுவர் வரை, அதாவது சுமார் 100 மைக்ரோமீட்டர், பரவி வரச் சில நொடிகள் ஆகும். இப்போது தடை ரத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. உண்மையான ஆதாயம் நடுத்தர அளவு நச்சுகளில் கிடைக்கலாம். 11.8 கிலோடால்டன் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்றவற்றைப் பழைய வகைச் சவ்வுகள் சரியாக நீக்குவதில்லை. அவற்றை வெளியேற விட்டு ஆல்புமினைப் பிடித்துவைக்க வேண்டுமானால் துளை அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். அதற்குச் சிலிக்கான் ஏற்றது.

14. செய்தியில் உடலுக்குள் வைக்கும் செயற்கைச் சிறுநீரகம் என்று வந்ததே, அது இதுதானா?

நெருங்கிய உறவு, ஆனால் அதே சவ்வு அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷுவோ ராயும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிசெலும் நடத்தும் திட்டம் அது. அவர்களுடைய சிலிக்கான் சவ்வு தடித்தது, சில நூறு நானோமீட்டர். துளைகள் வட்டமாக இல்லாமல் நீளமான பிளவுகளாக, பத்து நானோமீட்டர் அளவு அகலத்தில் இருக்கும். எல்லாப் பிளவும் ஒரே அகலம், ஏனென்றால் நடுவில் வளர்த்த ஆக்சைடு அடுக்கைக் கரைத்து எடுத்துத்தான் பிளவு உண்டாகிறது. 6ஆம் பதிலில் சொன்ன தொல்லை அங்கே இல்லை. நம் சிறுநீரகத்தின் வடிகட்டும் அமைப்பிலும் பிளவு வடிவம்தான் இருக்கிறது.

பம்பு இல்லாமல் ரத்த அழுத்தத்திலேயே வடிகட்டுவது அவர்களின் இலக்கு. ஆனால் வடிகட்டினால் மட்டும் போதாது. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடித்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் மறுபடி உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த வேலைக்கு உயிருள்ள செல்கள் வேண்டும். 2023இல் அவர்கள், மனிதச் சிறுநீரகச் செல்கள் அடங்கிய சிறு சாதனத்தைப் பன்றிகளுக்குள் வைத்து, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமல் செல்கள் ஏழு நாள் உயிரோடிருந்ததைக் காட்டினார்கள். எனக்கு அந்த முடிவு உண்மையான நம்பிக்கை தருகிறது. ஆனால் ஏழு நாளுக்கும் ஒரு நோயாளியின் பல ஆண்டுகளுக்கும் நடுவில் ரத்தம் உறைதல், அடைப்பு என்று தாண்ட வேண்டியவை நிறைய.

15. க்ளீன்ரூம் (தூசி நீக்கிய தனி அறை) இல்லாத எங்கள் ஆய்வகத்தில் இதைச் செய்ய முடியுமா?

செய்ய வேண்டாம், வாங்குங்கள் அல்லது கூட்டாளியைத் தேடுங்கள். செய்முறையில் வரும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலேயே உள்ளே இறங்கி, ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பயிற்சியும் கால்சியம் குளுகோனேட் களிம்பும் கைவசம் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. ரோசெஸ்டர் ஆய்விலிருந்து பிறந்த சிம்போர் நிறுவனம் ஆயத்தச் சில்லுகளை விற்கிறது. சில்லை வைத்துச் சாதனம் செய்வதற்கு சிலிக்கோன் ரப்பரும் கண்ணாடித் தகடும் போதும், அதைச் சாதாரண மேஜையிலேயே செய்யலாம்.

16. இன்சுலின் சுரக்கும் செல்களை இந்தச் சவ்வுக்குள் வைத்து உடலில் பொருத்தினால் சர்க்கரை நோய் தீராதா?

இந்த யோசனை பழையது. மௌரோ ஃபெராரி, தேஜல் தேசாய் ஆகியோர் 1990களிலேயே நுண்துளைச் சிலிக்கானுக்குள் கணையச் செல்திட்டுகளை வைத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸும் ஆக்சிஜனும் உள்ளே வர வேண்டும், 5.8 கிலோடால்டன் இன்சுலின் வெளியே போக வேண்டும், 150 கிலோடால்டன் ஆன்டிபாடியும் நோயெதிர்ப்புச் செல்களும் வரக் கூடாது. எண்களைப் பார்த்தால் எளிதாகத் தெரியும்.

சிக்கல் இரண்டு இடத்தில். இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற அழற்சி மூலக்கூறுகள் சுமார் 17 கிலோடால்டன்தான். இன்சுலினை வெளியே விட்டு இவற்றைத் தடுக்க வேண்டுமானால் துளையில் மிகக் குறுகிய வரம்பே மிஞ்சும். முழுமையாகத் தடுப்பதும் கடினம். இரண்டாவது ஆக்சிஜன். பரவலால் மட்டும் அது திசுவுக்குள் நூறு, இருநூறு மைக்ரோமீட்டர்தான் போய்ச் சேரும். சவ்வு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் உள்ளே செல்களைக் கனமாக அடுக்கினால் நடுவிலிருப்பவை மூச்சுத்திணறிச் சாகும். அதனால்தான் சில குழுக்கள் சாதனத்தை நேராகத் தமனிக்கும் சிரைக்கும் நடுவே இணைத்து, ரத்த அழுத்தத்தாலேயே பிளாஸ்மா நீரைச் செல்கள் வழியே தள்ளிப் பார்க்கின்றன. அப்போது இன்சுலினும் பரவிப் போகக் காத்திராமல் ஓட்டத்தோடு வெளியே வருகிறது.